சினை நிற்காத மாடும் சினைமுட்டையின் உள்கட்டுமானமும்

சித்திரை பிறந்துவிட்டால் காவிரிப் படுகையின் பால் சங்க வாசல்களில் ஒரே பேச்சுதான்: "மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கல." செயற்கைக் கருவூட்டலுக்குத்தான் இங்கே ஊசி என்று பேர். பழி முதலில் உறையவைத்த விந்து அடைத்த குச்சி மீது விழும், அடுத்து ஊசி போட்டவர் மீது, கடைசியில் மாட்டின் மீது. உரத்தநாட்டிலும் சரி, திருத்துறைப்பூண்டியிலும் சரி, இந்த வரிசை மாறுவதில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. நல்ல தீவனத்தில் வளர்ந்த, நோயில்லாத 100 கிடாரிகளுக்குச் சரியான நேரத்தில் கருவூட்டினால், சுமார் 90-இல் விந்தணு முட்டைக்குள் போய்க் கரு உண்டாகிவிடுகிறது. கன்று ஈனுவதோ 55 முதல் 60 வரைதான். இடையில் காணாமல் போகும் முப்பது, முப்பத்தைந்து கருக்களில் பெரும்பாலானவை முதல் 16 நாளுக்குள், யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடுகின்றன. வெயில் காலத்தில், நிறையக் கறக்கும் கலப்பினப் பசுக்களில், இந்த இழப்பின் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே நடந்து முடிகிறது.

அந்த முதல் வாரத்தில் கருவை நடத்துவது எது? தாய், தந்தை மரபணுக்கள் என்று சட்டெனத் தோன்றும். உண்மையில் மாட்டுக்கருவின் சொந்த மரபணுக்கள் 8 அல்லது 16 செல் ஆகும்வரை ஏறக்குறைய ஊமையாகவே இருக்கின்றன. அதுவரை வேலை செய்வதெல்லாம் முட்டை உருவானபோதே உள்ளே வைத்துக் கட்டப்பட்ட பொருள்கள்: நுண்குழல்கள் என்னும் மெல்லிய புரதக் குழாய்கள், ஆக்டின் என்னும் புரத இழைகள், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள், புரதக் கிடங்குகள், மேலே ஒரு கெட்டி உறை. கூடவே விந்தணு கொண்டுவந்த ஒரே ஒரு சிறு உறுப்பு. ஊசி, வெயில், நேரம் எல்லாமே இந்தக் கட்டுமானத்தைத் தொட்டுத்தான் கருவை வாழவைக்கவோ கெடுக்கவோ செய்கின்றன.

முட்டைக்குள் என்ன இருக்கிறது

மாட்டின் சினைமுட்டை உறை நீங்கலாகச் சுமார் 120 மைக்ரான் குறுக்களவு. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு என்றாலும் உடலின் மற்ற செல்களுக்கு முன்னால் இது பூதம். சுற்றிலும் ஜோனா எனப்படும் புரத உறை, 12 முதல் 15 மைக்ரான் கனம். உறைக்கு உட்புறம், செல் சவ்வை ஒட்டி, ஆயிரக்கணக்கான புறணித் துகள்கள் வரிசை கட்டி நிற்கும். முதல் விந்தணு ஒட்டியதும் முட்டைக்குள் கால்சியம் அலையலையாக எழும். அந்த அலையில் துகள்கள் வெடித்து, உள்ளிருக்கும் நொதிகள் ஜோனாவின் புரதத்தை வெட்டி மாற்றுகின்றன. அடுத்த விந்தணுவுக்கு வழி அடைபடுகிறது.

முட்டையின் ஒரு ஓரத்தில், சவ்வுக்குச் சற்றுக் கீழே, கதிர்க்கோல் இருக்கிறது. நுண்குழல்களால் ஆன இந்தக் கதிர்க்கோல்தான் குரோமோசோம்களைப் பிடித்து நிறுத்தி, பிறகு இரு பக்கம் இழுக்கிறது. இது ஓரத்தில் இருப்பது தற்செயல் இல்லை. ஆக்டின் இழைகள் அதை அங்கே தள்ளி நிறுத்தியிருக்கின்றன. அப்போதுதான் பாதிக் குரோமோசோம்களை ஒரு துளி குழம்போடு துருவ உடலாக வெளியே தள்ளிவிட்டு, சேமிப்பு முழுவதையும் முட்டை தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும்.

இந்தக் கதிர்க்கோலைப் போலச் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் முட்டைக்குள் வேறு இல்லை. 38.5 டிகிரியில் இருக்க வேண்டிய முட்டையை அறை வெப்பத்தில் சில நிமிடம் வைத்தாலே நுண்குழல்கள் கழன்றுவிடும். மறுபடி சூடாக்கினால் மீண்டும் சேரும், ஆனால் பழைய வடிவத்தில் சேருமென்று உறுதியில்லை. ஆய்வகத்தில் முட்டை எடுப்பவர்கள் குழாய், தட்டு, மேசை எல்லாவற்றையும் சூடேற்றி வைப்பது இதற்காகத்தான்.

மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கு இன்னும் கறாரானது. மாட்டு முட்டையில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பிரதிகள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். கரு ஒரு வாரம் ஆகும்வரை புதிதாகப் பெருகுவது கிடையாது. இருப்பதைத்தான் ஒவ்வொரு பிளவிலும் பங்கு போட வேண்டும். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாக்கள் உள்ளே வந்தாலும், அவற்றில் ஏற்கெனவே அழிப்புக்குறி ஒட்டப்பட்டிருக்கும். சில பிளவுகளுக்குள் அவை காலி.

இவை போதாதென்று, முட்டைக் குழம்பு முழுவதும் பரவிய ஒரு நார்வலையும் உண்டு. மின்னணு நுண்ணோக்கியில் பல பத்தாண்டுகளாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருந்த இது எதற்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனக் குழு 2023-இல் இதை விடுவித்தது: முதல் நாள்களுக்கு வேண்டிய புரதங்களைச் சிதையாமல் கட்டிவைத்திருக்கும் கிடங்கு அது. அந்த வலை உருவாகாத முட்டையில் கரு உண்டாகும், ஆனால் சில பிளவுகளிலேயே நின்றுபோகும்.

ஊசி நேரம் தவறினால் உள்ளே நடப்பது

மாடு காளைக்குக் கத்தத் தொடங்கி, கண்ணாடி போன்ற வழும்பு தொங்கி, மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்கிறது. அந்த நிலை தொடங்கிய சுமார் 28 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட முட்டை நல்ல நிலையில் இருப்பது 6 முதல் 10 மணி நேரம். விந்தணு சினைக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்து தயாராக 6 முதல் 8 மணி நேரமாவது வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. குச்சியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி முக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்துக் கரைப்பது, கையால் தேய்த்துக் கரைப்பது இரண்டும் 0.25 மில்லி குச்சியில் இருக்கும் 2 கோடி விந்தணுக்களில் பலவற்றை அங்கேயே முடித்துவிடக்கூடும்.

ஒரு நாள் தாமதமாகப் போட்டால் என்ன ஆகும்? கரு உண்டாகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் உண்டாகிவிடும், சிக்கலே அதில்தான். காத்திருந்து கிழடான முட்டையில் புறணித் துகள்கள் இடம் பெயர்ந்தும் பாதி தீர்ந்தும் போயிருக்கும், கதிர்க்கோல் ஓரத்தைவிட்டு நகர்ந்திருக்கும். இரண்டு விந்தணு நுழைய வாய்ப்புக் கூடும். அப்படி நுழைந்தால் கரு ஏன் சாகிறது என்பதற்குக் குரோமோசோம் அதிகம் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் சென்ட்ரியோல், விந்தணு கொண்டுவருவதாக மேலே சொன்ன அந்தச் சிறு உறுப்பு.

மாட்டு முட்டையில் சென்ட்ரியோல் கிடையாது, முட்டை வளரும்போதே அது தொலைந்துவிடும். கருவின் முதல் சென்ட்ரியோலை விந்தணுதான் கழுத்துப் பகுதியில் சுமந்து வருகிறது. உள்ளே வந்ததும் அதைச் சுற்றி நுண்குழல்கள் நட்சத்திரமாக விரிந்து, முட்டையின் உட்கருவைப் பிடித்து, விந்தின் உட்கருவருகே இழுத்து வருகின்றன. இரண்டு விந்தணு வந்தால் இரண்டு தொகுதி சென்ட்ரியோல் வரும், கதிர்க்கோலுக்கு மூன்று, நான்கு முனை முளைக்கும், குரோமோசோம்கள் திசைக்கொன்றாக இழுபடும்.

இங்கே காளைக்கும் பங்குண்டு. 1996-இல் அமெரிக்காவில் வெவ்வேறு காளைகளின் விந்தை ஒப்பிட்டபோது, சினை பிடிக்கும் தரம் குறைந்த காளைகளின் விந்தணு உண்டாக்கிய நட்சத்திரங்கள் சிறியதாகவும் ஒழுங்கின்றியும் இருந்தது தெரிந்தது. விந்தணு நன்றாக நீந்துகிறது, எண்ணிக்கையும் சரி, இருந்தும் சினை நிற்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாகலாம். குச்சியைப் பழிக்கும் விவசாயி எப்போதுமே தவறு என்று சொல்லிவிட முடியாது.

முதல் பிளவு

கருவின் இந்த முதல் நாளை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கரு தன் வாழ்நாளிலேயே அதிகம் தடுமாறும் பிளவு இதுதான். விந்தணு நுழைந்த சில மணி நேரத்தில் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் தெரியும், ஒன்று தாயுடையது, மற்றது தந்தையுடையது. இரண்டும் நடுவில் வந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பள்ளிப் பாடத்தில் இவை கலந்து ஒன்றாகிவிடும் என்று படித்திருப்போம். பாலூட்டிகளில் அப்படிக் கலப்பதில்லை. 2018-இல் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் எலிக் கருவைப் படமெடுத்தபோது, தாய்க் குரோமோசோம்களுக்கு ஒன்று, தந்தைக் குரோமோசோம்களுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கதிர்க்கோல்கள் முதலில் எழுந்து, பிறகு இணையாக நெருங்குவது தெரிந்தது. ஒரே செல்லுக்குள் இரண்டு வீட்டுக் குரோமோசோம்களும் கொஞ்ச நேரம் தனித்தனியே நிற்கின்றன.

கோட்டிங்கன் குழு 2021-இல் மாட்டுக் கருவில் பார்த்தது இன்னும் நுணுக்கம். ஒட்டி நிற்கும் இரு உட்கருக்களின் தொடுமுகத்தில், இரு பக்கக் குரோமோசோம்களும், உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளான உட்கருமணிகளோடு சேர்ந்து நெருங்கிக் குவிகின்றன. குவிந்திருந்தால் கதிர்க்கோல் எழும்போது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். குவியாமல் சிதறிக் கிடந்தால் ஒன்றிரண்டு பிடிபடாமல் தப்பும். பிளந்து வரும் இரண்டு செல்லில் ஒன்றுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல், மற்றதற்குக் குறைவு. மனிதக் கருவிலும் இதே அமைப்பு, இதே தவறு. கரு உடனே சாகாது, இன்னும் மூன்று நான்கு நாள் பிளந்துகொண்டிருக்கும். சொந்த மரபணுக்கள் விழித்து, சொந்தப் புரதம் தேவைப்படும் கட்டத்தில்தான் கணக்கு இடிக்கும்.

எலியை வைத்து மாட்டைப் புரிந்துகொள்வதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். எலியின் விந்தணு சென்ட்ரியோல் கொண்டுவருவதில்லை, எலிக் கருவில் சென்ட்ரியோல் பல பிளவுகளுக்குப் பிறகே தோன்றும். எலியில் மரபணு விழிப்பது 2 செல்லில், பன்றியில் 4 செல்லில், மனிதரில் 4 முதல் 8 செல்லில், மாட்டிலும் ஆட்டிலும் 8 முதல் 16 செல்லில். ஆகவே தாயின் சேமிப்பை நம்பி மாட்டுக்கரு ஓட்டவேண்டிய காலம் மூன்று நாளுக்கு மேல். அந்தச் சேமிப்பு குறையாக இருந்தால் எலியைவிட மாடு அதிகம் அடிவாங்கும்.

நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

முட்டை பிளக்கும்போது கரு வளர்வதில்லை, அதே 120 மைக்ரான் உருண்டை சிறுசிறு செல்களாகத் துண்டாகிறது. இரண்டு செல் ஆவது கருவுற்ற 24 முதல் 30 மணி நேரத்தில், எட்டு செல் மூன்றாம் நாளில். நான்காம் ஐந்தாம் நாளில் சினைக்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்குகிறது. அதுவரை தனித்தனி உருண்டைகளாகத் தெரிந்த செல்கள், 16 முதல் 32 செல் கட்டத்தில் ஒன்றையொன்று இறுக்கி, எல்லைக்கோடு தெரியாத ஒரே கட்டியாகின்றன. ஈ-கேடெரின் என்னும் பசைப்புரதம் செல்களை ஒட்டிவைக்கிறது. இறுக்கும் விசையைத் தருவது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஆக்டினும் அதை இழுக்கும் மயோசின் புரதமும். எலிக் கருவில் 2015-இல் அளந்தபோது, இந்தச் சுருக்கம் சுமார் 80 விநாடிக்கு ஒருமுறை துடிப்பாக வந்தது.

இறுகியதும் செல்களுக்கு இடம் பிரிகிறது. வெளியே இருக்கும் செல்லுக்கு ஒரு முகம் திறந்திருக்கும், உள்ளே இருப்பதற்கு எல்லாப் பக்கமும் அண்டைச் செல்தான். திறந்த முகத்தில் கூடும் புரதங்கள் ஒரு சமிக்ஞை வழியை அணைக்கின்றன, அதனால் யாப் என்னும் புரதம் உட்கருவுக்குள் போய் வெளிச்செல்லை நஞ்சுக்கொடிப் பாதையில் திருப்புகிறது. உள்ளே இருக்கும் செல்லில் யாப் வெளியிலேயே தடுக்கப்பட்டு, அது கன்றாகும் பாதையில் நிற்கிறது. 2020-இல் வெளிவந்த எலி ஆய்வொன்று, கெரட்டின் இழைகள் எந்த மகள் செல்லுக்குப் போகின்றனவோ அது வெளிச்செல்லாக மாறுவதைக் காட்டியது. நகத்திலும் கொம்பிலும் இருக்கிற அதே கெரட்டின் குடும்பம்தான். மாட்டில் இந்த முடிவு எலியைவிட மெதுவாக உறுதியாகிறது. நியூசிலாந்து ஆய்வு 2011-இல் காட்டியபடி, ஏழாம் நாள் மாட்டுக்கருவின் வெளிச்செல்கள் இன்னும் மனம் மாற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன.

ஆறாம் ஏழாம் நாளில் வெளிச்செல்கள் சோடியத்தை உள்நோக்கி இறைக்க, அதன் பின்னால் நீர் வருகிறது. நீர் ஒரே இடத்தில் தேங்குவதில்லை. செல்களுக்கிடையே நூற்றுக்கணக்கான நுண்குமிழ்களாகத் தெறித்து, ஒட்டியிருந்த இடங்களைப் பிளக்கிறது. பிறகு சிறிய குமிழ்கள் பெரியவற்றுக்குள் வடிந்து கடைசியில் ஒரே குழியாகிறது. ஐப்பசி மழையில் வரப்பு கரைந்து தனித்தனி வயல் நீரெல்லாம் ஒரே வெள்ளக்காடாவது போலத்தான். வெளிச்செல்களுக்கிடையே உள்ள இறுக்கச் சந்திகள் ஒழுகினால் குழி நிரம்பாது, கரு சுருங்கிப்போகும். ஏழாம் நாள் நல்ல கருவில் 100 முதல் 150 செல்கள் இருக்கும், மூன்றில் ஒரு பங்குதான் கன்றுக்கானது. ஒன்பது பத்தாம் நாளில் ஜோனா மெலிந்து கிழிந்து கரு வெளியே வரும்.

வெயில் எதைத் தொடுகிறது

படுகையில் வெயிலைவிட ஈரப்பதம் பெரிய எதிரி. வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் 72-ஐத் தாண்டினால் அதிகம் கறக்கும் மாடு திணறத் தொடங்கும். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள பகலில் குறியீடு சுமார் 87. இரவில் 27 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரப்பதம் 85 என்றால் 78-க்கு மேல்தான் நிற்கும். நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரையோரத்தில் கோடை இரவுகளில் மாட்டுக்கு ஆறுதல் கிடையாது. ஜெர்சி கலப்பு ஹோல்ஸ்டீனைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

மாட்டின் உடல் 41 டிகிரிக்குப் போனால் இரண்டு செல் கருவில் நடப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்: மைட்டோகாண்ட்ரியா வீங்கும், செல் உறுப்புகள் ஓரத்தைவிட்டு நடுவில் குவியும். வெப்பம் இன்னும் கூடினால் நுண்குழலும் ஆக்டினும் சிதையும். சரிசெய்யச் சொந்த மரபணு இன்னும் விழிக்கவில்லை. அதனால்தான் புளோரிடாவில் 1993-இல் வெளியான ஆய்வில், கருவூட்டிய முதல் நாள் வெப்பம் கருவைக் கெடுத்தது, மூன்றாம் நாள் முதல் கொடுத்த அதே வெப்பம் அவ்வளவாகக் கெடுக்கவில்லை. பிராமன், நெல்லோர் போன்ற திமில் மாடுகளின் கரு ஹோல்ஸ்டீன் கருவைவிட வெப்பம் தாங்குகிறது. பிரேசில் இன்று வளர்க்கும் நெல்லோர் நம் ஆந்திரத்து ஓங்கோல் வழிவந்ததுதான்.

ஆகவே வசதி குறைந்தவர் கோடை முழுக்க மாட்டைக் குளிர்விக்க முடியாவிட்டாலும், ஊசி போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும் தவறவிடக்கூடாது. ஊசி போட்டுவிட்டுக் கொளுத்தும் வெயிலில் ஓட்டிச் செல்வதைத் தவிர்த்து, நிழலில் கட்ட வேண்டும். முதுகு நனையத் தண்ணீர் தெளித்து உடனே விசிறிக் காற்றும் வேண்டும். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் தண்ணீரை மட்டும் தெளித்துக்கொண்டே இருந்தால் ஈரப்பதம் கூடி நிலைமை மோசமாகும்.

இன்னொன்றும் உண்டு. முட்டை முதிர்ந்து வர இரண்டு மூன்று பருவச் சுழற்சி ஆகும். கத்திரியில் சுட்ட முட்டை ஆடியில்தான் வெளிவரும். ஆடிக் காற்றடிக்கும்போதும் சினை நிற்கவில்லையே என்று குழம்புவோருக்கு விடை வைகாசியில் கிடக்கிறது.

ஏழாம் நாளில் கருவை எடுத்தால்

வெப்பத்துக்கு அஞ்சும் நாள்களைக் கருப்பைக்கு வெளியே கடத்திவிட்டு, ஏழாம் நாள் கருவைப் பெறும் மாட்டுக்குள் வைப்பது ஒரு வழி. உம்பளச்சேரி போன்ற எண்ணிக்கை சுருங்கிய படுகை இனத்துக்கும் இதே வழி பயன்படும். கொருக்கையில் அரசுப் பண்ணையில் இந்த இனம் காக்கப்படுகிறது, உரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆகவே இது படுகைக்கு எட்டாத பேச்சு இல்லை.

நுண்ணோக்கியில் கருவைப் பார்ப்பவர் தேடுவதும் மேலே சொன்ன கட்டுமானத்தைத்தான். இறுகிய கட்டி பன்னாட்டு அளவுகோலில் 4, குழி தொடங்கியது 5, முழுக்குழி 6, விரிந்தது 7. தரம் 1 என்றால் 85 சதவீதச் செல்களாவது ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், தரம் 2-க்கு 50, தரம் 3-க்கு 25. நோய் கடத்தாமல் இருக்க, ஜோனாவில் விரிசல் இல்லை என்பதைக் குறைந்தது 50 மடங்கு பெரிதாக்கிச் சரிபார்த்துப் பத்து முறை கழுவுவார்கள். பெறும் மாட்டின் பருவம் கொடுக்கும் மாட்டோடு ஒரு நாளுக்கு மேல் விலகியிருக்கக் கூடாது.

ஆய்வகத்தில் உருவாக்கும் கருவில் முட்டைகளை 22 முதல் 24 மணி நேரம் முதிரவைத்து, 38.5 டிகிரியில், ஆக்சிஜனை 5 சதவீதத்துக்கு இறக்கி வளர்ப்பார்கள். நூறு முட்டையில் 70 முதல் 80 பிளக்கும், ஏழாம் நாளைத் தொடுவது 30 முதல் 40. உறையவைக்கும்போது இவை மாட்டுக்குள் உண்டான கருவைவிட அதிகம் சாகும். மாட்டுக்கருவில் கொழுப்புத் துளிகள் அதிகம், வளர்ப்பு ஊடகத்தில் சீரம் சேர்த்தால் இன்னும் கூடும், உறையும்போது அவை சவ்வைக் கெடுக்கும். வழக்கமான முறையில் உறைவிலிருந்து செல்லைக் காக்கும் 1.5 மோலார் எத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து, மைனஸ் 6 அல்லது 7 டிகிரியில் பனிப்படிகத்தைத் தொடக்கி, நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 32 முதல் 35 வரை இறக்கி, பிறகே திரவ நைட்ரஜனில் போடுவார்கள்.

மாடு திரும்பக் கத்தும் நாள்

கரு ஜோனாவைவிட்டு வெளிவந்த பிறகு நூலாக நீள்கிறது, பதினாறாம் நாளில் பல சென்டிமீட்டர். அதன் வெளிச்செல்கள் சுரக்கும் இன்டர்பெரான்-டௌ என்னும் சமிக்ஞைப் புரதம், கருப்பை அடுத்த பருவத்துக்குப் போகாமல் தடுக்கிறது. வெளிச்செல்கள் குறைவாக இருந்தால் சத்தம் போதாது, மாடு சினையில்லை என்றே எண்ணிக்கொள்ளும்.

வீட்டு நாள்காட்டியில் இதைப் படிக்கலாம். ஊசி போட்ட 18 முதல் 24 நாளுக்குள் மாடு திரும்பக் கத்தினால், கரு உண்டாகவே இல்லை, அல்லது பதினாறு நாளுக்கு முன் செத்துவிட்டது, இரண்டில் எது என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. பதினேழு நாளுக்கு முன்பே கத்தினால், போன ஊசியோ இந்தக் கத்தலோ உண்மையான பருவத்தில் விழவில்லை. இருபத்தைந்தைத் தாண்டி, முப்பது முப்பத்தைந்தில் திரும்பினால், கரு சமிக்ஞை கொடுத்து வாழ்ந்து பிறகு இறந்திருக்கலாம், நடுவில் ஒரு பருவம் கண்ணில் படாமல் போயிருக்கவும் கூடும். இந்த மூன்று வகைக்கும் வைத்தியம் ஒன்றல்ல. அதனால் மருத்துவரைக் கூப்பிடும்போது எத்தனை ஊசி போட்டோம் என்பதோடு ஒவ்வொரு ஊசியின் தேதியும் நேரமும் எழுதிவைத்திருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.